ஹார்ட் டிஸ்க் வாங்கணுமா? சிஎம்ஆர், எஸ்எம்ஆர், ஹாமர், எஸ்எஸ்டி: எது யாருக்கு

பெங்களூரு அல்சூர்ல கல்யாண வீடியோ ஸ்டுடியோ வச்சிருக்கற ஒரு அண்ணன் கேட்ட கேள்வியிலிருந்து தான் இதை எழுதறேன். அவர்கிட்ட பல வருஷத்து ஃபுட்டேஜ், ஏறக்குறைய இருபது டிபி, எல்லாம் சின்ன சின்ன போர்ட்டபிள் டிஸ்க்ல அட்டைப்பெட்டில கிடக்கு. இனிமே இதையெல்லாம் எதுல போட்டு வைக்கறதுன்னு இங்க கம்ப்யூட்டர் சாமான் கடைங்க நிறைஞ்ச எஸ்பி ரோடுல கடை கடையா கேட்டிருக்கார். ஒருத்தர் எஸ்எஸ்டி தான் இனிமே எல்லாமேங்கறார், இன்னொருத்தர் பெரிய டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டா வேலை முடிஞ்சதுங்கறார், மூணாவது கடைல பழைய சர்வர் டிஸ்க்கை கம்மி விலைக்கு நீட்டறாங்க. "தம்பி, உள்ள என்ன வித்தியாசம்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்கப்பா"ன்னார். அவருக்குச் சொன்னதை கொஞ்சம் விரிச்சு இங்க போடறேன், இதே குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு.

முதல்ல ஒரு விஷயம். இன்னிக்கு கடைல கிடைக்கற எந்த புது ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாலும், விலை கம்மியோ அதிகமோ, உள்ள சுத்தற தட்டுலேர்ந்து டேட்டாவைப் படிக்கற நுனி, அதாவது ஹெட், அடிப்படைல ஒரே ஜாதி தான், டிஎம்ஆர் ஹெட் (அது என்னன்னு கீழ வருது). அதனால "இதுல ஹெட் நல்லா இருக்கும் சார்"னு யாராவது சொன்னா அதை வச்சு முடிவெடுக்க வேண்டாம். வித்தியாசம் முழுக்க எழுதற பக்கத்துலயும், தட்டு மேல பூசியிருக்கற பொருள்லயும் தான் இருக்கு. நீங்க எப்படி எழுதப் போறீங்க, ஒரு தடவை கொட்டிட்டு மூடி வைக்கப் போறீங்களா, இல்ல தினமும் அழிச்சு அழிச்சு எழுதப் போறீங்களா, அதை வச்சு தான் எந்த டிஸ்க்னு முடிவாகணும்.

இது ஏன்னு புரியணும்னா ஹெட்டோட கதை கொஞ்சம் தெரியணும். 1956ல ஐபிஎம் ராமாக்னு ஒரு மெஷினோட முதல் ஹார்ட் டிஸ்க் வந்துச்சு, 24 இன்ச் அகலத்துல 50 தட்டு, மொத்தமா பிடிச்சது அஞ்சு மில்லியன் எழுத்து, அதாவது இன்னிக்கு போன்ல எடுக்கற ஒரு போட்டோ அளவு. தட்டு மேல இரும்பு ஆக்சைடு கலந்த பெயிண்ட் மாதிரி ஒரு பூச்சு. ஹெட் வெறும் காயில் தான், பழைய டேப் ரெக்கார்டர்ல இருந்த அதே தத்துவம், காந்தம் கிட்டப் போனா காயில்ல கரண்ட் வரும். அதே காயில் தான் எழுதும், அதே காயில் தான் படிக்கும். ரொம்ப வருஷம் இப்படியே தான் ஓடுச்சு, அப்புறம் காயிலை சுத்தறதுக்குப் பதிலா சிப் பண்ற மாதிரி படலம் படலமா படிய வச்சு தின் ஃபிலிம் ஹெட் பண்ணாங்க, ஆனா தத்துவம் மாறல. பிரச்சினை என்னன்னா பிட்டை, அதாவது தட்டு மேல ஒரு 0 இல்ல 1 பதிஞ்சிருக்கற இடத்தை, சின்னதாக்க சின்னதாக்க அதுலேர்ந்து வர்ற காந்தப்புலமும் குறையும், ஒரு கட்டத்துக்கு மேல காயிலுக்குச் சிக்னலே பத்தாது.

அங்க தான் படிக்கறதையும் எழுதறதையும் பிரிச்சாங்க. காந்தப்புலத்துல வச்சா சில உலோகங்களோட மின்தடை கொஞ்சம் மாறும்னு 1857லயே வில்லியம் தாம்சன், பின்னாடி கெல்வின் பிரபுன்னு பேர் வாங்கினவர், கண்டுபிடிச்சிருந்தார். அந்தச் சின்ன மாற்றம், ரெண்டு சதவீதம் போல தான், அதையே சென்சாரா வச்சு 1990கள் ஆரம்பத்துல ஐபிஎம் எம்ஆர் ஹெட் போட்ட டிஸ்க் விட்டாங்க. அப்ப நிக்கல்-இரும்பு கலந்த பெர்மலாய் தான் சென்சார் பொருள். நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல சும்மா கிடந்த ஒரு கண்டுபிடிப்பு திடீர்னு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளயும் வந்து உக்காந்துச்சு, யோசிச்சுப் பாத்தா எனக்கு இன்னும் பிரமிப்பா இருக்கு.

அப்புறம் 1988. பிரான்ஸ்ல ஆல்பர்ட் ஃபெர்ட், ஜெர்மனில பீட்டர் க்ரூன்பெர்க், ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே விஷயத்தைப் பாத்தாங்க. இரும்பு, குரோமியம்னு சில அணு தடிமன்ல அடுக்கி வச்சா, பக்கத்து பக்கத்து இரும்பு அடுக்கோட காந்த திசை ஒரே பக்கமா இருந்தா கரண்ட் ஈசியா போகுது, எதிரெதிரா இருந்தா தடை எகிறுது. இது தான் ஜிஎம்ஆர். கண்டுபிடிச்சு பத்து வருஷம் ஆகறதுக்குள்ள, 1997ல ஐபிஎம் டெஸ்க்ஸ்டார்ங்கற மாடல்ல ஜிஎம்ஆர் ஹெட் கடைக்கே வந்துடுச்சு, 16.8 ஜிபி டிஸ்க் அது. 2007ல ரெண்டு பேருக்கும் இயற்பியல் நோபல்.

அடுத்தது தான் இப்ப இருக்கற டிஎம்ஆர். இதுல நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கார்ங்கறதைச் சொல்லாம போக மனசு வரல. மைசூர் யூனிவர்சிட்டில படிச்சு, சென்னை ஐஐடில பிஎச்டி முடிச்ச ஜகதீஷ் மூடேரா, அமெரிக்கால எம்ஐடில 1995ல ரெண்டு காந்த அடுக்குக்கு நடுவுல மெல்லிசா அலுமினியம் ஆக்சைடு வச்சு, அறை வெப்பத்துலயே நல்ல அளவு மின்தடை மாற்றம் வருதுன்னு காட்டினார், அதே சமயம் ஜப்பான்ல மியாசாகியும் தனியா காட்டினார். ஆக்சைடு கரண்ட் கடத்தாத பொருள், ஆனா ஒரு நானோமீட்டர் அளவுக்கு மெல்லிசா இருந்தா எலக்ட்ரான் அதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிடும், போறது எவ்வளவுங்கறதை ரெண்டு பக்க காந்தத்தோட திசை தான் தீர்மானிக்கும். 2004ல அலுமினியம் ஆக்சைடுக்குப் பதிலா மெக்னீசியம் ஆக்சைடு வச்சப்போ மாற்றம் 200 சதவீதம் ஒட்டிப் போச்சு. எம்ஆர் ஹெட்டோட ரெண்டு சதவீதம் எங்க, இது எங்க! நடுவுல மெக்னீசியம் ஆக்சைடு, ரெண்டு பக்கமும் கோபால்ட்-இரும்பு-போரான், இது தான் இன்னிக்கு ஹெட் சென்சாரோட அடிப்படை. எம்ரேம்னு சொல்ற மெமரி சிப்லயும் இதே சாண்ட்விச் தான் உக்காந்திருக்கு.

செத்துப் போன டிஸ்க் ஒண்ணு கிடைச்சா திறந்து பாருங்க, ஸ்டார் மாதிரி தலை இருக்கற ஸ்க்ரூவுக்கு டார்க்ஸ் பிட் வேணும், லேபிளுக்கு அடில ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். உள்ள கண்ணாடி மாதிரி பளபளக்கற தட்டு, மூலைல விரல் பிடிச்சு இழுக்கற அளவுக்கு பலமான நியோடிமியம் காந்தம், நடுவுல மெல்லிசான ஸ்டீல் கை, அதோட நுனில கறுப்பா ஒரு துணுக்கு. அந்தத் துணுக்கு ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட இருக்காது. அதைத் தான் ஸ்லைடர்ங்கறாங்க. எழுதற காயில், படிக்கற சென்சார், ஹெட்டை லேசா சூடாக்கி நானோமீட்டர் கணக்குல கீழ இறக்கற குட்டி ஹீட்டர், எல்லாமே அந்தத் துணுக்கோட பின் விளிம்புல தான் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. 3.5 இன்ச் தட்டு 7200 ஆர்பிஎம்ல சுத்தறப்போ ஓரத்துல வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல. அந்த வேகத்துல ஓடற தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல படிக்கறப்போ எழுதறப்போ இருக்கற இடைவெளி ஓரிரண்டு நானோமீட்டர். கை பட்ட ஒரு தட்டை இதுக்கு மேல நம்ப முடியாதுங்கறது அப்ப தான் உறைக்கும், அதனால டேட்டா வேணும்ங்கற டிஸ்க்கை மட்டும் வீட்ல திறந்துடாதீங்க.

சரி, படிக்கற பக்கம் இவ்வளவு முன்னேறிடுச்சு. எழுதற பக்கம் என்னாச்சு? அங்க தான் இயற்கையே ஒரு சுவரைப் போட்டிருக்கு.

தட்டு மேல இருக்கறது கோபால்ட்-குரோமியம்-பிளாட்டினம் கலவை, எட்டு நானோமீட்டர் போல இருக்கற சின்ன சின்ன துகளா, ஒவ்வொரு துகளும் பக்கத்து துகளைத் தொடாம இருக்க நடுவுல ஆக்சைடு. பிட் சின்னதாகணும்னா துகள் சின்னதாகணும். துகள் ரொம்ப சின்னதானா அறை வெப்பமே போதும், அதோட காந்த திசை தானா புரண்டுடும், டேட்டா போச்சு. புரளாம இருக்க அதிக பிடிவாதமான பொருள் போடலாம், ஆனா பிடிவாதமான பொருள்ல எழுதறதுக்கு பலமான ஹெட் வேணும். எழுதற ஹெட்டோட முனை இரும்பு-கோபால்ட் கலவை, அது தர்றது அதிகபட்சம் 2.4 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கற அலகு) ஒட்டி தான், அதுக்கு மேல போற பொருள் நடைமுறைல இல்ல. சின்னத் துகள், நிலைக்கற துகள், எழுத முடியற துகள், மூணும் ஒண்ணா கிடைக்காது. கடந்த இருபது வருஷமா டிஸ்க் கம்பெனிங்க பண்ற அத்தனை வேலையும் இந்த முடிச்சை அவிழ்க்கறது தான்.

முதல் அவிழ்ப்பு, பிட்டோட காந்த திசையை தட்டுல படுக்க வைக்காம செங்குத்தா நிக்க வைக்கறது. ஜப்பான் தோஹோகு யூனிவர்சிட்டி ஷுன்இச்சி இவாசாக்கி 1970கள்லயே சொன்ன யோசனை, 2005ல தோஷிபா தான் முதல்ல டிஸ்க்கா விட்டாங்க. இப்ப எல்லாமே இது தான். அதுவும் முட்டினதுக்கு அப்புறம் தான் எஸ்எம்ஆர், ஹாமர்னு ரெண்டு வழி பிரிஞ்சுது, நீங்க கடைல நின்னு தேர்ந்தெடுக்க வேண்டியதும் இங்க தான்.

எழுதற முனையை ஓரளவுக்கு மேல மெல்லிசாக்கினா புலம் பத்தாது, அதனால அது கொஞ்சம் அகலம். படிக்கற சென்சார் மெல்லிசு, ட்ராக்கோட, அதாவது தட்டுல டேட்டா எழுதற வட்டப் பாதையோட, ஒரு ஓரத்தைப் பாத்தாலே அதுக்குப் போதும். அப்ப ட்ராக்கை முழு அகலத்துக்கும் தனித்தனியா எழுதினா அது சிஎம்ஆர், நம்ம வழக்கமான முறை. அடுத்த ட்ராக்கை முந்தின ட்ராக்கு மேல கொஞ்சம் ஏத்தி எழுதினா, ஓட்டு வீட்டுக் கூரைல ஓடு மேல ஓடு ஏறி உக்காந்திருக்கற மாதிரி, ஒவ்வொண்ணுலயும் வெளில தெரியற பட்டை மெல்லிசு, ஆனா படிக்கற ஹெட்டுக்கு அது போதும். இது எஸ்எம்ஆர். அதே தட்டுல கூட டேட்டா, காசு மிச்சம். 2013லேர்ந்து சீகேட் கம்பெனி இதை விக்கறாங்க, அப்புறம் எல்லாரும்.

ஆனா நடு ஓட்டை மாத்தணும்னா மேல ஏறியிருக்கற ஓடு எல்லாத்தையும் பிரிக்கணும் இல்லயா. எஸ்எம்ஆர்லயும் நடுவுல ஒரு ஃபைலை மாத்தினா அந்தப் பகுதி முழுக்க படிச்சு, திரும்ப வரிசையா எழுதணும். இது தெரியாம இருக்க, டிஸ்க் உள்ளயே ஒரு பகுதியை சாதாரண முறைல வச்சு, முதல்ல அங்க வேகமா வாங்கிக்கிட்டு, நீங்க சும்மா இருக்கறப்போ மெதுவா உரிய இடத்துக்கு மாத்தும். அதனால தான் புது போர்ட்டபிள் டிஸ்க்ல முதல் கொஞ்ச நேரம் காப்பி பறக்கும், ரெண்டு மூணு மணி நேரம் தொடர்ந்து கொட்டினா வேகம் அதலபாதாளத்துக்குப் போயிடும். நம்ம ஸ்டுடியோ அண்ணன் "டிஸ்க் டூப்ளிகேட்டா இருக்குமோ"ன்னு சந்தேகப்பட்டது இதை வச்சு தான். டூப்ளிகேட் எல்லாம் இல்ல, அந்த முறையோட குணமே அது.

இதை மறைச்சு வித்தது தான் தப்பு. 2020ல நேஸ் பெட்டிக்குன்னு, அதாவது நெட்வொர்க்ல பல பேர் பகிர்ந்துக்கற டிஸ்க் பெட்டிக்குன்னு, வித்த டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் டிஸ்க்ல 2லேர்ந்து 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்னு வெளில வந்து பெரிய ரகளை ஆச்சு, சீகேட், தோஷிபா மாடல்ல சிலதும் அப்படித் தான் இருந்துச்சு. நேஸ்ல ஒரு டிஸ்க் போயி புது டிஸ்க் போட்டா நாள் கணக்கா தொடர்ந்து எழுதணும், எஸ்எம்ஆருக்கு அது தான் சுத்தமா ஒத்துக்காது. அதுக்கப்புறம் தான் மூணு கம்பெனியும் எந்த மாடல் எதுன்னு பட்டியல் போட்டாங்க. இப்ப டபிள்யூடில வெறும் ரெட்னா எஸ்எம்ஆர், ரெட் பிளஸ், ரெட் ப்ரோன்னா சிஎம்ஆர். சீகேட்ல அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர், பாரகுடா 3.5 இன்ச்ல நிறைய எஸ்எம்ஆர். தோஷிபால என்300 சிஎம்ஆர். யூஎஸ்பில சொருகற 2.5 இன்ச் போர்ட்டபிள், ஒரு டிபிக்கு மேலனா கிட்டத்தட்ட எல்லாமே எஸ்எம்ஆர்னு வச்சுக்கோங்க.

அதுக்காக எஸ்எம்ஆரை திட்டிட்டே இருக்கறதும் நியாயம் இல்ல. படிக்கறதுல அதுக்கும் சிஎம்ஆருக்கும் பெரிய வித்தியாசமே கிடையாது, ஹெட் அதே டிஎம்ஆர். முடிஞ்ச கல்யாணம், டெலிவரி குடுத்தாச்சு, இனிமே யாரும் தொட மாட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஆல்பத்துக்காக ஒரு தடவை படிக்கணும், இதுக்கு எஸ்எம்ஆர் தாராளமா போதும். ராத்திரி மெதுவா காப்பி போட்டு, முடிஞ்ச உடனே பிடுங்காம கொஞ்ச நேரம் சொருகியே விட்டா உள்ள அடுக்கற வேலையையும் அது முடிச்சுக்கும். போர்ட்டபிள்ல எனக்கு இருக்கற குறை வேற. பல மாடல்ல யூஎஸ்பி சாக்கெட் நேரா டிஸ்க்கோட போர்டுலயே பத்த வச்சிருக்கும், பெட்டியை உடைச்சு, கம்ப்யூட்டருக்குள்ள டிஸ்க்கை இணைக்கற சாட்டா கேபிள் போடலாம்னு நினைச்சா முடியாது, சாக்கெட் ஆடிப் போச்சுன்னா ரிக்கவரி கடைக்குத் தான் ஓடணும்.

தினமும் வேலை பண்ற இடத்துக்கு, நேஸ் பெட்டிக்கு, நாலு பேர் ஒரே சமயத்துல எடிட் பண்ற ஸ்டோரேஜுக்கு சிஎம்ஆர் தான், இதுல நான் ரெண்டாவது யோசனையே பண்ண மாட்டேன். நாலு டிபிலேர்ந்து இருபது டிபிக்கு மேல வரைக்கும் கிடைக்குது. ஸ்பெக் ஷீட்ல ரெண்டு நம்பர் பாருங்க. வருஷத்துக்கு எவ்வளவு டேட்டா ஓட்டலாம்ங்கறது ஒண்ணு, பாரகுடால 55 டிபி, அயர்ன்வுல்ஃப்ல 180 டிபி, எக்ஸோஸ் மாதிரி சர்வர் டிஸ்க்ல 550 டிபி. இன்னொண்ணு படிக்க முடியாத பிட் எவ்வளவுக்கு ஒண்ணு வரலாம்ங்கறது, சாதாரண டிஸ்க்ல பத்தின் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒண்ணு, அதாவது 12.5 டிபிக்கு ஒண்ணு, சர்வர் டிஸ்க்ல அதுல பத்துல ஒரு பங்கு தான். இது உத்தரவாதம் பண்ற கீழ் எல்லை, நிஜத்துல அதைவிட நல்லா தான் ஓடும், ஆனா பல டிஸ்க்கை ஒண்ணா சேத்து பெரிய பெரிய ரெய்டு கட்டறவங்க இந்த நம்பரை மறக்கக் கூடாது. பத்து டிபிக்கு மேல இருக்கறது நிறைய ஹீலியம் அடைச்சது, காத்தை விட லேசான வாயு, தட்டு சுத்தறப்போ எதிர்ப்பு கம்மி, சூடு கம்மி, அதிக தட்டு அடுக்கலாம். 2013ல எச்ஜிஎஸ்டிங்கற கம்பெனி 6 டிபில இதை ஆரம்பிச்சாங்க.

இப்ப ஹாமர். இது அந்த முடிச்சையே வேற மாதிரி அவிழ்க்குது. தட்டு மேல கோபால்ட் கலவைக்குப் பதிலா இரும்பு-பிளாட்டினம், ரொம்ப பிடிவாதமான பொருள், நாலஞ்சு நானோமீட்டர் துகள்ல கூட திசை மாறாம நிக்கும். சாதாரண ஹெட்டால அதுல எழுதவே முடியாது. அதனால ஹெட்லயே ஒரு குட்டி லேசர் வச்சு, தங்கம் மாதிரி உலோகத்துல செஞ்ச நுனி வழியா அந்த ஒளியை சில பத்து நானோமீட்டர் இடத்துல குவிச்சு, அந்த ஒரு புள்ளியை மட்டும் 400 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாக்கறாங்க. சூட்டுல பிடிவாதம் தளருது, அந்தக் கணத்துல எழுதறாங்க, ஒண்ணு ரெண்டு நானோசெகண்டுல ஆறிடுது, ஆறின உடனே திரும்பவும் பாறை. அந்தச் சூட்டைத் தாங்க தட்டுக்கு கண்ணாடி. சீகேட் 2024 ஜனவரில மொசைக்ங்கற பேர்ல 30 டிபி டிஸ்க்கை அறிவிச்சாங்க, ஒரு தட்டுக்கு 3 டிபி, பத்து தட்டு. 2025ல நேஸ் டிஸ்க்காவும் பொது விற்பனைக்கு வந்துடுச்சு. இன்னொரு பக்கம் டபிள்யூடி எழுதறப்போ முனைல கரண்ட் ஓட்டி உதவற இபிஎம்ஆர்னும், தோஷிபா மைக்ரோவேவ் உதவின்னும் பழைய பொருளை வச்சே இழுத்துட்டு இருக்காங்க, வாங்கறவங்களுக்கு அதெல்லாம் சாதாரண சிஎம்ஆர் மாதிரி தான் நடந்துக்கும்.

ஹாமரை விஞ்ஞானமா பாத்தா கை எடுத்துக் கும்பிடத் தோணுது. ஆனா அல்சூர் ஸ்டுடியோவுக்கு இன்னிக்கு வாங்கச் சொல்லுவேனான்னா மாட்டேன். லேசரும் அந்த நுனியும் பத்து வருஷத்துக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு சாதாரண ஆளுங்க அனுபவத்துல பாத்து சொல்ல இன்னும் காலம் இருக்கு. அதைவிட பெரிய காரணம், 30 டிபி ஒரே டிஸ்க்ல இருக்குன்னா அது போனா 30 டிபியும் ஒரே நேரத்துல போகும். டேட்டா சென்டர்ல ஆயிரக்கணக்குல டிஸ்க் வச்சு, ஒரே டேட்டாவை பல இடத்துல பரப்பியிருப்பாங்க, அவங்களுக்கு ஒரு டிஸ்க் போறது பெரிய விஷயம் இல்ல. நம்ம கிட்ட இருக்கறது ரெண்டு மூணு டிஸ்க். ஹெட் போனா அதே மாடல் இன்னொரு டிஸ்க்லேர்ந்து ஹெட்டை எடுத்து மாத்தித் தான் டேட்டாவை மீட்பாங்க, அந்த வேலை லேசர் ஹெட்ல இன்னும் கஷ்டம் தான்னு என் எண்ணம்.

எஸ்எஸ்டி காந்தமே இல்லாத வேற உலகம், செல்லுல அடைச்ச மின்னூட்டம் தான் டேட்டா. எடிட் பண்ண அதுக்கு இணையே கிடையாது, நடப்பு ப்ராஜெக்ட் எல்லாம் எஸ்எஸ்டில தான் இருக்கணும். ஆனா பீரோல பூட்டி வைக்க அது சரியில்ல. சிப், மெமரிக்கெல்லாம் தரம் வகுக்கற ஜெடெக் அமைப்போட ஸ்டாண்டர்டுல, ஆயுசு முழுக்க எழுதி முடிச்ச சாதாரண எஸ்எஸ்டி கரண்ட் இல்லாம 30 டிகிரில ஒரு வருஷம் டேட்டாவை வச்சிருந்தா போதும்னு தான் கேக்கறாங்க. புதுசா, கொஞ்சமா எழுதினதுனா அதைவிட ரொம்ப நாள் தாங்கும், சந்தேகம் இல்ல. ஆனாலும் சூடு ஏற ஏற மின்னூட்டம் கசியும். தட்டு மேல இருக்கற கோபால்ட் துகளுக்கு இந்தக் கவலை கிடையாது, திசை நிலைக்கற மாதிரியே கணக்குப் போட்டு செஞ்சது அது. ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்து கெடறது பெரும்பாலும் மோட்டார், ஹெட், எலக்ட்ரானிக்ஸ் பக்கம், அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எடுத்து ஓட விட்டு முழுசா படிச்சுப் பாக்கணும்.

டேப் பத்தி ஒரே வார்த்தை. எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜ் ஒண்ணுல 18 டிபி, பூச்சு பேரியம் ஃபெரைட், ஏற்கனவே ஆக்சைடா இருக்கறதால துருப்பிடிக்காது, முப்பது வருஷம் சாதாரணம். கார்ட்ரிட்ஜ் விலை பரவால்ல, ஓட்டற டிரைவ் சில லட்சம். நூறு டிபிக்கு மேல சேர்றவங்க, சேனல், ஆவணக் காப்பகம் வச்சிருக்கறவங்க யோசிக்கலாம், ஒரு ஸ்டுடியோவுக்கு கட்டுப்படியாகாது.

பெங்களூருக்குன்னு சில விஷயம். இந்த ஊர் கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல, காத்து கொஞ்சம் லேசு, காத்து டிஸ்க்ல ஹெட் மிதக்கறதே அந்தக் காத்துல தான், அப்ப பிரச்சினை வருமான்னு ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி, ஆனா வராது, ஸ்பெக்ல 3000 மீட்டர் வரைக்கும் தாங்கும்னு தான் போட்டிருக்கும். காத்து டிஸ்க்ல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், மூடாதீங்கன்னு பக்கத்துல எழுதியிருக்கும், அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க. ஹீலியம் டிஸ்க்ல அது இருக்காது. கரண்ட் கட் தான் உண்மையான தொல்லை. கரண்ட் போனா டிஸ்க் தன்னோட தட்டு சுத்தற வேகத்துலேர்ந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை பத்திரமா ஓரத்துல ஏத்திடும், ஹெட்டுக்கு ஆபத்து கம்மி, ஆனா எழுதிட்டு இருந்த ஃபைல் போகும். மழை நாள்ல சாயங்காலம் ஆனா கட் ஆகற ஏரியானா நேஸுக்கு யூபிஎஸ் இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம், டிஸ்க்குக்கு ஆயிரக்கணக்குல குடுத்துட்டு இதுல மிச்சம் பிடிக்காதீங்க.

அண்ணனுக்கு நான் சொன்னது இது. எடிட்டுக்கு ஒரு எஸ்எஸ்டி. ரெண்டு டிஸ்க் போடற நேஸ் ஒண்ணு, அதுல ஒண்ணுக்கு ஒண்ணு நகல் எடுக்கற மாதிரி ரெண்டு சிஎம்ஆர் டிஸ்க், ஒவ்வொண்ணும் இப்ப இருக்கற இருபது டிபியை விட கொஞ்சம் பெருசா, ரெண்டும் ஒரே நாள்ல ஒரே கடைல ஒரே பேட்ச்ல வாங்காம. அதுக்கு மேல முடிஞ்ச கல்யாணத்துக்கெல்லாம் எஸ்எம்ஆர் போர்ட்டபிள்ல ஒரு நகல், அது ஸ்டுடியோவுல இருக்கக் கூடாது, ஓசூர்ல அவர் தங்கச்சி வீட்ல இருக்கணும். நேஸ்ல ரெண்டு டிஸ்க் இருக்கறதே பேக்கப்னு நினைக்கறவங்க நிறைய. தப்பா டெலீட் பண்ணினா ரெண்டுலயும் ஒரே நிமிஷத்துல டெலீட் ஆகும், திருட்டு போனா பெட்டியோட போகும். ஒரு பொண்ணோட அப்பா கல்யாண வீடியோல மட்டும் தான் இனிமே பேசுவார்ங்கற நிலைமை எத்தனை வீட்ல இருக்கு, அந்த ஃபைலுக்கு பொறுப்பு நம்ம தான்.

பட்ஜெட் அவ்வளவு இல்ல, அஞ்சு டிபிக்குள்ள தான் மொத்தமும், குடும்ப போட்டோ, வேலை ஃபைல், அவ்வளவு தான்னா ரெண்டு போர்ட்டபிள் எஸ்எம்ஆர், ரெண்டு வேற கம்பெனி, ரெண்டு வேற வீடு, முடிஞ்சுது. பெரிய நேஸ் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

எஸ்பி ரோடுல வாங்கப் போறப்போ "நேஸ் டிஸ்க் குடுங்க"ன்னு பொதுவா கேக்காம முழு மாடல் நம்பரை எழுதிட்டுப் போங்க, ஒரே பேருல ஒரு எழுத்து மாறினா எஸ்எம்ஆர் ஆயிடும். "அண்ணா, இதே மாடல் தான் வேணும், இல்லன்னா அடுத்த வாரம் வர்றேன்"னு சொல்லிடுங்க, நிறைய கடைல தமிழ்லயே பேசுவாங்க, வரவழைச்சும் குடுப்பாங்க. பழைய சர்வர் டிஸ்க்கை கம்மி விலைல நீட்டினா, ஓடின மணி நேரத்தை ஸ்மார்ட்ல, அதாவது டிஸ்க் தன்னோட நிலைமையைத் தானே குறிச்சு வைக்கற பட்டியல்ல, காட்டச் சொல்லுங்க, அந்த நம்பரை சுழியம் ஆக்கி விக்கறதும் நடக்குது, அதனால மெயின் நகலுக்கு அது வேண்டாம், மூணாவது நகலுக்கு வேணா வச்சுக்கலாம். வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு சீரியல் நம்பரை கம்பெனி சைட்டுல போட்டு கடைலயே பாத்துடுங்க. வீட்டுக்கு வந்ததும் டேட்டா போடறதுக்கு முன்னாடி டிஸ்க் முழுக்க ஒரு தடவை எழுதி, முழுக்க படிச்சுப் பாருங்க, பெரிய டிஸ்க்னா ரெண்டு மூணு நாள் ஆகும், ஆகட்டும். அப்புறம் ஸ்மார்ட்ல கெட்டுப் போன இடங்களைக் காட்டற 5, 197, 198 மூணு வரியும் சுழியமா இருக்கான்னு பாருங்க. ஒண்ணு ஏறியிருந்தா கூட பில்லோட அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுங்க.